கத்தரிப்பூ மை

சென்ற மழைக்காலத்தில் மும்பை சயானில் இருக்கும் எங்கள் வீட்டுப் பரண் ஒழுகியது. நனைந்ததை எல்லாம் இறக்கி வெயிலில் பரப்பியபோது என் மகனின் ஏழாம் வகுப்புப் புவியியல் புத்தகம் கைக்கு வந்தது. புத்தகம் ஊறிப் பொதபொதவென்று ஆகியிருந்தது. அதற்குப் போட்டிருந்த அட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் விறைப்பாக இருந்தது. கப்பல் வரைபடத் தாள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் புத்தகங்கள் அத்தனைக்கும் அதுதான் அட்டை. பழுப்புத் தாள் வாங்கக் காசில்லாமல் அல்ல. அதைவிட நல்ல தாள் இந்த ஊரில் கிடைக்காது என்பது என் கட்சி. பக்கத்து வீட்டு மராத்திப் பிள்ளைகளுக்கும் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

1981 முதல் 2017 வரை பல்லார்ட் எஸ்டேட்டில் கப்பல் வரைபடங்கள் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தேன். என் வேலை விற்பது அல்ல, திருத்துவது. கடல் என்பது வாராவாரம் மாறிக்கொண்டிருக்கும் இடம். எங்கோ ஒரு கலங்கரை விளக்கின் நிறம் மாறும், ஒரு மிதவை நகரும், ஒரு கப்பல் மூழ்கி மற்ற கப்பல்களுக்குத் தடையாகும். 'மாலுமிகளுக்கான அறிவிப்பு' என்று வாரத்துக்கு ஒரு புத்தகம் வரும். அதைப் பார்த்து, கடையில் இருக்கும் ஒவ்வொரு வரைபடத்திலும் கையால் திருத்த வேண்டும். பழைய எண்ணின் மேல் முடிபோல மெல்லிய கோடு. பக்கத்தில் புதிய எண். மையின் நிறம் கத்தரிப்பூ. கறுப்பிலும் நீலத்திலும் அச்சான படத்தில், இரவில் மங்கிய விளக்கொளியிலும் தனித்துத் தெரிய வேண்டும் என்பதால் அந்த நிறம். கை நடுங்கக் கூடாது. நான் தேநீரைக்கூட மதியத்துக்குத் தள்ளிப் போட்டவன்.

திருத்தங்கள் பெருகிவிட்டால் புதிய பதிப்பு வரும். வந்த அன்றே பழையது செல்லாது. 'ரத்து' என்று முத்திரை குத்தி, குறுக்கே கோடு போட்டு, கிழித்துவிட வேண்டும். பழைய வரைபடத்தை நம்பி ஒரு கப்பல் போய்த் தரைதட்டினால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? எனவே கிழிப்போம். கிழித்ததில் நல்ல துண்டுகளை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஆக, முப்பத்தாறு வருடம் கடலின் நேற்றைய நிலையை அழிப்பதற்குச் சம்பளம் வாங்கினேன். இதில் குற்ற உணர்ச்சி கொள்ள எதுவும் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது என் மருமகள். பள்ளியில் உயிரியல் ஆசிரியை. வெயிலில் காய்ந்துகொண்டிருந்த அந்த அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த மாதிரிப் பழைய படங்களை வைத்துப் பவளப்பாறைகள் அழிந்த கணக்கை எடுத்திருக்கிறார்கள், தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். அன்று இரவே அந்த ஆய்வை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் மூன்று இரவு படித்தேன். கலைச்சொற்கள் பாதி புரியவில்லை. படங்கள் முழுதும் புரிந்தன.

ஆய்வு 2017இல் வந்தது. லாரன் மெக்லெனஹன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது. இடம், அமெரிக்காவின் தெற்கு முனையில் இருக்கும் புளோரிடா கீஸ் தீவுகள். 1773 முதல் 1775 வரை ஜார்ஜ் கால்ட் என்ற பிரிட்டிஷ் கடல் அளவையாளர் அங்கே வரைந்த வரைபடங்களை எடுத்து, அவர் 'பவளம்' என்று எழுதிய ஒவ்வொரு இடத்தையும் இன்றைய கடலடி வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கால்ட் பவளம் என்று எழுதிய பரப்பில் பாதிக்கு மேல், 52 விழுக்காடு, இன்று பவளம் இருக்கும் இடமாகவே இல்லை. மணலாகவும் கடற்புல்லாகவும் ஆகிவிட்டது. கரையோரத்தில் இழப்பு கிட்டத்தட்ட 88 விழுக்காடு. கரையிலிருந்து தள்ளியிருக்கும் பாறைகளோ பெரும்பாலும் அதே இடத்தில் இருக்கின்றன.

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தவறாகப் படித்துவிடக் கூடாது. அதே இடத்தில் இருக்கின்றன என்றால் பாறை இருக்கிறது, அவ்வளவுதான். அதன் மேல் உயிருள்ள பவளம் எவ்வளவு என்பது வேறு கணக்கு. கரீபியக் கடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்வொன்று, 1970களில் பாறைப்பரப்பில் பாதியளவு இருந்த உயிர்ப்பவளம் முப்பது ஆண்டுக்குள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியதைக் காட்டியது. அந்த ஆய்வு பாறை மேல் படர்ந்த உயிரைக் கணக்கெடுத்தது. மெக்லெனஹன் குழு எடுத்தது, பாறையே காணாமல் போன கணக்கை. வீடு பூட்டிக் கிடப்பது ஒன்று. மனையே இல்லாமல் போவது வேறு.

எனக்கு வியப்பு, கால்ட் எப்படி அவ்வளவு நம்பகமான சாட்சியானார் என்பதில்தான். அவருக்குப் பவளத்தின் மேல் பாசம் எதுவும் கிடையாது. அவர் பயந்தார். அந்த வழியாகப் போகும் கப்பல்கள் பாறையில் மோதி உடைந்துகொண்டிருந்தன. எங்கே பாறை, எங்கே மணல், எங்கே நங்கூரம் பிடிக்கும் என்று சொல்வதற்காகத்தான் கடற்படை அவரை அனுப்பியது. பாசம் உள்ளவன் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். பயந்தவன் இடத்தைத் துல்லியமாகச் சொல்வான். தவறினால் ஆள் சாவான்.

அளந்த விதத்தையும் சொல்ல வேண்டும். கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு. குண்டின் அடிப்பக்கத்தில் ஒரு குழி. அதில் விலங்குக் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். குண்டு தரையைத் தொட்டதும் கயிற்றில் ஆழம் தெரியும். மேலே இழுத்தால் கொழுப்பில் அந்தத் தரையே ஒட்டிக்கொண்டு வரும்: மணல், சேறு, சிப்பித்தூள், பவளத் துணுக்கு. கொழுப்பில் எதுவும் ஒட்டாமல் வடு மட்டும் விழுந்திருந்தால் கடினப் பாறை. ஒட்டியிருப்பதை ஓர் ஆள் விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். வரைபடத்தில் ஆழ எண்ணின் பக்கத்தில் அது ஒன்றிரண்டு எழுத்தாகச் சுருங்கி உட்கார்ந்துவிடும். நான் ஆயிரக்கணக்கான முறை அந்த எழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவரின் கொழுப்புப் படிந்த விரல் இருக்கிறது என்று நினைத்ததில்லை.

அந்த ஆழங்கள் பழைய படங்களில் ஃபாதம் என்ற அளவில் இருக்கும். இரு கைகளையும் அகல விரித்த நீளம், ஆறடி. நம் கடற்கரையில் அதற்குப் பாகம் என்று பெயர். கடையில் சேர்ந்த புதிதில் பெரியவர் ஒருவர் எனக்கு இதை விளக்கத் தொடங்கியபோது, பாகம்தானே என்று கேட்டேன். ஆறு தலைமுறையாக எங்கள் வீட்டில் இருக்கும் சொல் அது.

வரைபடத்தை வைத்து இறந்தகாலத்தைப் படிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. திருத்துநர் வேலையில் முதல் வாரமே கற்றுக்கொள்வது இது: வரைபடத்தில் ஒன்று இல்லை என்றால், கடலில் அது இல்லை என்று பொருளல்ல. அளந்தவர் அந்தப் பக்கம் போகவில்லை என்றிருக்கலாம். அல்லது அது கப்பலைத் தட்டாத ஆழத்தில் இருந்து, அவர் குறிக்கத் தேவையில்லை என்று விட்டிருக்கலாம். எனவே 'இருந்தது' என்று பழைய வரைபடம் சொன்னால் நம்பலாம். அதன் மௌனத்தை நம்பக் கூடாது. மெக்லெனஹன் குழுவும் அதனால்தான் கால்ட் பவளம் என்று குறித்த இடங்களிலிருந்தே கணக்கைத் தொடங்கியது.

இதற்கு எடுத்துக்காட்டு தேடிப் புளோரிடா போக வேண்டாம். மும்பையில் பவளம் உண்டா? நான் கைப்படத் திருத்திய மும்பைத் துறைமுக வரைபடங்களைக் கேட்டால் சேறு, பாறை, சேறு என்றே சொல்லும். ஆனால் 2020இல் கடற்கரைச் சாலை வேலைக்காக வொர்லி, ஹாஜி அலி பாறைகளிலிருந்து 18 பவளக் கூட்டங்களைப் பெயர்த்துக் கொலாபா பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். செய்தியைப் படித்து நகரமே வியந்தது. நானும் வியந்தேன் என்பதுதான் வெட்கம். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கூட்டங்கள். எந்தக் கப்பலுக்கும் அவற்றால் ஆபத்தில்லை. அதனால் எந்த வரைபடத்திலும் அவற்றுக்கு இடமில்லை. கடின வகைப் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதால்தான் அந்தப் பதினெட்டையும் எண்ணவே வேண்டி வந்தது. அதற்கு முன் ஹாஜி அலிப் பாறைகளில் எத்தனை இருந்தன என்று யார் சொல்வது? கடல் வற்றும் வேளையில் அங்கே சிப்பி பொறுக்கிய கோலி மீனவப் பெண்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

மறுபடி அந்த அட்டைக்கு வருகிறேன். அது மாலத்தீவுக் கூட்டத்தின் ஒரு துண்டு. ஓரத்தில், எந்தப் பகுதியை யார் எப்போது அளந்தார்கள் என்று காட்டும் சிறு கட்டம் கிழியாமல் தப்பியிருந்தது. மோர்ஸ்பி, 1834-36. என் மகன் ஏழாம் வகுப்புப் படித்தது 1996இல்.

ராபர்ட் மோர்ஸ்பி இந்த ஊர்க்காரர் என்று சொல்லலாம். அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்க் கடற்படைக் கேப்டன். பம்பாயிலிருந்து சூயசுக்கு நீராவிக் கப்பல் விட வேண்டும் என்று கம்பெனி ஆசைப்பட்டதால் செங்கடலின் பவளத்திட்டுகளுக்கு நடுவே வழி கண்டவர். பிறகு மாலத்தீவுகள், அதன் பின் அதற்குத் தெற்கே சாகோஸ் தீவுகள். இந்தியப் பெருங்கடலின் பவளத்தீவுகளைப் பற்றிய முதல் ஒழுங்கான ஆவணம் இந்த மும்பையிலிருந்து புறப்பட்டதுதான் என்ற எண்ணம் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு ஹார்னிமன் சர்க்கிளில் இருக்கும் டவுன் ஹாலுக்குப் போனேன். முப்பது படி. முட்டி இரண்டு முறை நிற்கச் சொன்னது. 1804இல் தொடங்கிய ஆசியவியல் கழகத்தின் நூலகம் அங்கேதான் இருக்கிறது. 1831இல் தொடங்கிய பம்பாய் புவியியல் கழகம் 1873இல் இதோடு இணைந்தது. அந்தப் புவியியல் கழகத்தின் வெளியீட்டில், மோர்ஸ்பியின் இரு லெப்டினன்டுகள், யங், கிறிஸ்டோபர் என்பவர்கள், மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் தங்கி எழுதிய கட்டுரை இருக்கிறது. பவளத்தைத் தேடிப் போனேன். கிடைத்தது காய்ச்சல், கயிறு, சோழி, காய்ந்த மீன். இருவரும் அங்கே காய்ச்சலில் விழுந்து அவதிப்பட்டவர்கள். கண்ணெதிரே உலகின் பெரிய பவளத்தீவுக் கூட்டம் கிடக்க, அவர்கள் மனிதர்களைப் பார்த்து எழுதினார்கள். திட்ட முடியவில்லை. நானும் அதையே பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

மோர்ஸ்பியின் வரைபடங்களைப் பவளத்துக்காகவே படித்த முதல் ஆள் சார்லஸ் டார்வின். 1842இல் அவர் வெளியிட்ட பவளத்தீவுகள் பற்றிய நூலில் மாலத்தீவுப் பகுதிக்கும் சாகோஸ் பகுதிக்கும் மோர்ஸ்பிதான் ஆதாரம். டார்வின் மாலத்தீவுக்குப் போனதே இல்லை. அவர் காலால் நடந்து பார்த்த பவளத்தீவு, 1836இல் பார்த்த, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ். மற்றதெல்லாம் பிறருடைய வரைபடங்களை மேசையில் விரித்து, வளையத் தீவுகளுக்கு ஒரு வண்ணம், கரையொட்டிய பாறைகளுக்கு ஒரு வண்ணம் என்று தீட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது. மூழ்கும் தரையின் மேல் பவளம் வளர்ந்து வளையமாகிறது என்ற கொள்கை, கப்பல்காரர்களின் பயத்திலிருந்து பிறந்தது என்றால் மிகையில்லை. இன்னொன்றும் அதில் இருக்கிறது. சாகோஸில் நீருக்கடியில் அமிழ்ந்து கிடக்கும் சில திட்டுகளில் பவளம் செத்துப்போயிருக்கிறது என்று அப்போதே டார்வின் எழுதுகிறார், மோர்ஸ்பி சொன்னதை வைத்து. கரி எரித்துக் கடல் சூடாவதற்கு முன்பே செத்த பாறைகள் உண்டு. பழைய ஆவணத்தைத் திறந்தால் நமக்கு வேண்டிய கதை மட்டும் அதில் இருக்காது. கிடைப்பதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருமகள் இதற்குள் ஆர்வமாகிவிட்டாள். வரைபடம் மட்டுமல்ல, மாமா, என்று வேறு பலவற்றையும் சொன்னாள். புளோரிடாவின் கீ வெஸ்ட் துறையில் சுற்றுலாப் படகில் போய் மீன் பிடித்தவர்கள், பிடித்த மீன்களோடு நின்று எடுத்துக்கொண்ட புகைப்படங்களை மெக்லெனஹனே அளந்திருக்கிறார்; 1956இல் சராசரி மீனின் எடை 19.9 கிலோ, 2007இல் 2.3 கிலோ. பவளமே தனக்கு ஆண்டுக்கணக்கு எழுதிக்கொள்கிறதாம், மரம் வளையம் போடுவதுபோல. அதை உறுதிசெய்தது 1972இல்; பசிபிக்கின் எனிவெடாக் தீவில் வெடித்த அணுகுண்டுகளின் கதிரியக்கம் எந்தெந்த அடுக்கில் படிந்திருக்கிறது என்று பார்த்து, அடுக்கு ஒன்றுக்கு ஆண்டு ஒன்று என்று சரிபார்த்தார்கள். குண்டு போட்ட தேதி எல்லோருக்கும் தெரியும் அல்லவா. எதை எதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள் பாருங்கள்.

நான் கேட்டேன்: நம் ஊருக்கு?

நம் ஊர் என்று நான் சொல்வது தூத்துக்குடி மாவட்டத்தில் வேம்பார் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். நான் பிறந்தது தாராவியில். என் தாத்தா காலத்தில் இங்கே வந்தாயிற்று. ஆனாலும் ஊர் என்றால் அதுதான். என் அம்மாவின் தம்பி இன்னும் அங்கே இருக்கிறார். வயது எழுபத்தொன்பது. இளமையில் அவர் செய்த வேலை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்; யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. மாமா கல் எடுத்தவர்.

கல் என்றால் பவளக்கல். கடப்பாரையும் கையுமாக இறங்கி, பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் போகும். வீட்டுச் சுவரிலும் கிடக்கும். கீழக்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பூச்சு உதிர்ந்த இடங்களில் பவளத்தின் பூவேலை இன்றும் தெரியும். 1970களின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் நாளொன்றுக்கு சுமார் 250 கன மீட்டர் கல் எடுக்கப்படுகிறது என்று மண்டபத்துக் கடல் மீன் ஆராய்ச்சிக்காரர்கள் அப்போதே கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். நாளொன்றுக்கு. 1986இல் தேசியப் பூங்கா, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் என்று பலகைகள் வந்தன; கல் எடுப்பது குறைந்தது, நிற்கவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகுதான் அடியோடு ஓய்ந்தது. கடலுக்கும் நமக்கும் நடுவே அந்தப் பாறை என்ன செய்துகொண்டிருந்தது என்பது அன்று காலையில்தான் ஊருக்கு உறைத்தது.

போன தையில் ஊருக்குப் போனேன். இரண்டு துண்டு வரைபடமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு.

மாமாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது என்று அம்மா சொல்லியிருந்தாள். இருந்தது. நீள வாக்கில் மடித்த கணக்கு நோட்டு, கரையான் மூலையைத் தின்றது. நாள், வள்ளம், ஆள், கூலி, இடம். அதில் கூலிக் கணக்கை யாரிடமோ சண்டை போட்டு அடித்துத் திருத்தியிருந்தார். எனக்குத் தொழில் நெருக்கம் தோன்றியது. நான் பார்த்தது இடத்தின் பெயர்களைத்தான். முதல் பக்கங்களில் கரைக்குப் பக்கத்துத் திட்டின் பெயரே திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு அந்தப் பெயர் நின்றுபோகிறது. தள்ளியிருக்கும் தீவின் பெயர் வருகிறது. பிறகு அதைவிடத் தள்ளி. ஒரு நாளைக்கு மூன்று நடை போய்வந்த வள்ளம் ஒரு நடையோடு திரும்புகிறது. ஏன் மாமா இடத்தை மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"அங்கே கல் தீர்ந்துபோயிற்று, மருமகனே" என்றார். கடையில் அரிசி தீர்ந்துபோனதைச் சொல்லும் குரல்.

பவளத்தைக் காக்க ஒரு வரிகூட எழுதாத அந்த நோட்டைவிடத் தெளிவான சாட்சி வேறு இருக்காது என்று நினைக்கிறேன். கூலி கொடுப்பதற்காக எழுதியது. கூடுதலாக எழுதினால் காசு போகும். குறைத்து எழுதினால் ஆள் வர மாட்டான். ஆனால் ஆராய்ச்சிக்காரர் யாரும் மாமாவைத் தேடி வரவில்லை. அந்த மாதிரி நோட்டுகள் அந்தக் கரையில் எத்தனை இருந்திருக்கும்! எத்தனை அடுப்புக்குப் போயிருக்கும்! நான் மாலத்தீவைக் கிழித்து அட்டை போட்டவன். எனக்குக் கேட்கும் தகுதி இல்லை.

எழுத்துக்கு முந்தைய ஆவணம் ஒன்றும் அங்கே இருக்கிறது: தீவுகளின் பெயர்கள். இராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகள் என்று பட்டியல் சொல்லும். புழுவினிச்சல்லி, காரைச்சல்லி, விலங்குச்சல்லி. எங்கள் பக்கத்தில் பவளத்தின் உடைந்த கிளைகளைச் சல்லி என்பார்கள். காரை என்றால் சுண்ணாம்புப் பூச்சு. காரைச்சல்லி என்று பெயர் வைத்தவன், அந்தத் தீவு எதனால் ஆனது என்பதையும் அது எதற்கு உதவும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டான் என்று எனக்குப் படுகிறது. இது என் ஊகம்; மொழியறிஞர்கள் அடிக்க வந்தால் ஓடிவிடுவேன். இருபத்தொன்றில் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன: விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி. கல் எடுத்ததே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பூவரச மரம் நின்ற ஒரு மேடு அங்கே இருந்தது என்பதற்குப் பெயர் மட்டும் சாட்சி.

எழுதி வைத்தவர்களும் உண்டு. 1890களில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி எழுதினார். 1927இல் அதே அருங்காட்சியகத்தின் கிரேவ்லி தலைமையில் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பட்டியலிட்டார்கள். பிறகு கோபிநாத பிள்ளை மண்டபத்தில் இருந்துகொண்டு பவள இனங்களை வகைபிரித்தார். இவை என்னென்ன இனம் இருந்தது என்று சொல்லும். எவ்வளவு இருந்தது என்று சொல்லாது. நீருக்குள் இறங்கி எல்லாத் தீவுகளையும் சுற்றி உயிர்ப்பவளத்தின் பரப்பை முறையாக அளந்தது 2003-05இல்தான், தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம். கிடைத்த எண் சுமார் 37 விழுக்காடு. 2016இல் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது 39இலிருந்து 23 விழுக்காட்டுக்கு அருகே இறங்கியது. அதற்கு முன் 2010இலும் 1998இலும் வெளுத்திருக்கிறது.

இந்த எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. எண் எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் என் கேள்வி. முப்பது வருடத்துக்கு மேல் வள்ளம் வள்ளமாகக் கல்லை அள்ளிய பிறகு எடுத்த முதல் கணக்குதான் இந்த 37. இனி வரும் ஒவ்வோர் ஆய்வும் அதிலிருந்து கூடியதா குறைந்ததா என்று பார்க்கும். என் மாமாவின் நோட்டு அந்த எண்ணுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

வரைபடத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆழங்கள் எந்த மட்டத்திலிருந்து அளக்கப்பட்டவை என்று ஒவ்வொரு படமும் தலைப்பின் கீழேயே சொல்லிவிடும். ஏற்ற நேரத்து மட்டமா, இறக்கத்தின் அடிமட்டமா என்று தெரியாமல் 'ஐந்து மீட்டர்' என்றால் அதற்குப் பொருளே இல்லை, கப்பல் தட்டும். மனிதர்கள் நினைவிலிருந்து பேசும்போது இந்தக் குறிப்பு இருப்பதில்லை. டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995இல் ஒரே பக்கத்தில் எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது: ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் வேலையில் சேர்ந்த நாளின் கடலை இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறார், குறைவதை அங்கிருந்து அளக்கிறார், அடுத்தவர் இன்னும் கீழிருந்து தொடங்குகிறார்.

அதை ஒரு திண்ணையில் கண்ணால் பார்த்தேன். மாமாவின் பேரன் தூத்துக்குடியில் படித்துவிட்டு ஆழ்கடல் நீச்சல் கற்றிருக்கிறான். தீவுப் பக்கம் முங்கிப் பார்த்ததைச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கிறது தாத்தா, மீன் நிறைய." மாமா சிரித்தார். தான் இறங்கியபோது காலை வைக்க மணல் தேட வேண்டியிருந்தது என்றார். நான் அவரிடம், உங்கள் அப்பா என்ன சொல்வார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் அவர் அப்பா சொன்னாராம், இது என்ன கடல், என் காலத்தில் பார்த்திருக்க வேண்டும் என்று. தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு 1961. பேரன் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினான். பழுப்பில் ஒரு மேடு, அதன் மேல் மஞ்சளாக நாலைந்து மீன். மாமா கண்ணாடியை ஏற்றி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்த இடம்?" என்றார். பேரன் சொன்ன பெயர் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது.

அங்கே பாறை எங்கிருந்து எதுவரை இருந்தது என்று குறித்துக் கொடுங்கள் என்று வரைபடத்தை விரித்தேன். மாமாவுக்கு அந்தப் படம் பிடிபடவில்லை. வடக்கு எது என்று கேட்டு, பிறகு அதைப் பற்றிக் கவலைப்படாமல், தன் கணக்கைச் சொன்னார். கடலில் நின்றுகொண்டு கரையைப் பார்க்க வேண்டும். கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் உப்பளத்து ஓட்டுக்கட்டடம் வர வேண்டும்: அது ஒரு கோடு. மேற்கே இரட்டைப் பனை ஒற்றைப் பனையாகத் தெரிய வேண்டும்: அது இன்னொரு கோடு. இரண்டும் ஒருசேர வந்தால் கீழே கல், மூன்று பாகம். மாலுமிகளும் இதையேதான் செய்கிறார்கள். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளி இடம்.

கோபுரம் இருக்கிறது. ஓட்டுக்கட்டடமும் பாதி சுவரோடு நிற்கிறது. பனை இரண்டும் போய்விட்டன. எந்த இடத்தில் நின்றன என்பதில் மாமாவுக்கும் அத்தைக்கும் அன்று மாலை வரை வாக்குவாதம். அத்தை ஓடைக்கு இந்தப் பக்கம் என்றார். மாமா அந்தப் பக்கம் என்றார். பேரன் கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்; அங்கே இறால் பண்ணை.

பென்சிலால் கோபுரத்திலிருந்து கட்டடம் வழியாகக் கடலுக்குள் ஒரு கோடு போட்டேன். அதன் ஓரத்தில் தேதியையும், சொன்னவர் யார் என்பதையும், மூன்று பாகம் என்பதையும் எழுதினேன். மை எடுத்துப் போயிருந்தேன். பையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.